உமியும் ஊறல் தண்ணீரும் முதலில், பை அப்புறம்

கேள்வி இது: "அண்ணே, பாபநாசம் பக்கத்தில் எங்களுக்குப் புழுங்கல் அரிசி ஆலை. ஒரு நாளைக்கு 20 டன் நெல் ஓடும். பக்கத்திலேயே அவல், முறுக்கு, தட்டை போட்டு பாக்கெட் செய்கிற யூனிட் ஒன்றும் மூன்று வருடமாக நடக்கிறது. சென்னையில் எங்கள் சரக்கை எடுக்கும் கடைக்காரர், அடுத்த வருடத்திலிருந்து சுற்றுச்சூழலுக்கு உகந்த பேக்கிங் இருந்தால்தான் எடுப்பேன் என்கிறார். பேப்பர் பைக்கு மாறிவிட்டால் போதுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

போதாது, தம்பி. பேப்பர் பை பற்றியும் சொல்கிறேன், ஆனால் அதை ஆரம்பத்தில் வைத்தால் தப்பான இடத்தில் பணம் போட்டுவிடுவீர்கள். டெல்டா ஆலைகளில் பாய்லர், தண்ணீர் வேலை பார்த்து வருகிறேன். பை மாற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைத்த ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் அழகான பழுப்பு நிறப் பை, பின்பக்கம் கறுத்து நுரைத்து ஓடும் வடிகால்.

முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். ஆலைக் கேட்டைத் தாண்டி வெளியே போகிற எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள். நான் இங்கே உத்தேசக் கணக்கு சொல்கிறேன், உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 டன் நெல்லில் ஏறத்தாழ 4 டன் உமி. அவ்வளவையும் எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சாம்பல் மிஞ்சும், அதாவது தினமும் 700, 800 கிலோ. ஒரு டன் நெல் ஊற 1,200 லிட்டர் தண்ணீர் வைத்தால் நெல் குடிப்பது 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். மிச்சமெல்லாம் வடியும். அப்படியானால் ஒரு நாளைக்கு 18,000, 19,000 லிட்டர் ஊறல் தண்ணீர். அரிசி 13 டன் வந்தால் 26 கிலோ சிப்பம் 500. ஒரு பை நூறு கிராமுக்குள்தான் இருக்கும். ஆக மொத்தப் பிளாஸ்டிக் 50 கிலோ தாண்டாது.

50 கிலோ பிளாஸ்டிக், முக்கால் டன் சாம்பல், இரண்டு டேங்கர் லாரி அளவுக்குக் கெட்ட தண்ணீர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். பிளாஸ்டிக் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது நூறு வருடம் கிடக்கிற சங்கதி. ஆனால் உங்கள் ஊர்க்காரர்களை இன்றைக்கே தொடுவது தண்ணீர்.

டெல்டாவில் தண்ணீர் விஷயத்தை வேறு ஊர் ஆலைகள் மாதிரி நினைக்க முடியாது. கல்லணையில் பிரிந்த ஆறுகள் கிளை கிளையாகப் போய்க் கடைசியில் கன்னி வாய்க்காலாக வயலுக்குள் நுழைகின்றன. உங்கள் ஆலையின் வடிகால் எதில் விழுகிறதோ அதிலேயே கீழே யாரோ ஒருவர் நாற்றங்காலுக்கு மடை திறக்கிறார். மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓடும் மாதங்களில் ஆலைத் தண்ணீர் அதோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சிக்கல் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. ஆற்றில் முறைத் தண்ணீர் இல்லாத அந்த நாட்களில் வாய்க்காலில் ஓடுவது உங்கள் ஊறல் தண்ணீர் மட்டும்தான். நீடாமங்கலம் பக்கம் ஒரு ஆலைக்குச் சித்திரை மாதத்தில் போயிருந்தேன். பின்பக்க வாய்க்காலில் மேலே தோல் மாதிரி ஒரு படலம், குச்சியால் கிழித்தால் கீழே கருமை, அழுகிய முட்டை நாற்றம். மேய்ந்துவிட்டு வந்த மாடுகள் கரையில் நின்று முகர்ந்துவிட்டு, வாய் வைக்காமல் திரும்பிப் போயின. ஓட்டி வந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் நான் இந்த வேலையை இவ்வளவு பிடிவாதமாகச் செய்வதற்குக் காரணம்.

ஊறல் தண்ணீரில் விஷம் என்று எதுவும் இல்லை. நெல்லிலிருந்து இறங்கிய மாவுச்சத்து, சர்க்கரை, உமியின் நிறம், தூசி, அவ்வளவுதான். ஆனால் அது அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். இதை அளக்கிற அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். பொதுவான விதிப்படி ஆறு, வாய்க்கால்களில் விடும் தண்ணீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்தில் பாசனமாக விட 100 மில்லிகிராம் வரை. உங்கள் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அந்தக் காகிதத்தை எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். பல பேர் சட்டம் போட்டு மாட்டிவைத்திருப்பார்களே தவிர படித்திருக்க மாட்டார்கள்.

சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவதற்கு முன்னால் ஊற வைக்கும் முறையைச் சரி பாருங்கள். பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் ஒன்று முதல் மூன்று நாள் ஊறும். அந்த நேரத்தில் தொட்டிக்குள்ளேயே புளித்துவிடும், நாற்றமும் அரிசியில் ஏறும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய வெந்நீர் முறையில் 65 முதல் 70 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரத்தில் வேலை முடியும். புளிக்க நேரமே இருக்காது. வெந்நீர் முறை உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் வெப்பமானி சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். 55க்கு இறங்கிவிட்ட தொட்டியில் நேரம் கூடும், நேரம் கூடினால் அழுக்கும் கூடும். அப்புறம் தண்ணீர் அளவு. நெல் மூழ்கி மேலே நாலு விரல் நின்றால் போதும். முழங்கை அளவு நிற்கிற தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவும் சூடாக்கிக் கீழே விடுகிற தண்ணீர். ஊறப்போடும் முன்பே கருக்காயையும் தூசியையும் நன்றாகச் சலித்து எடுத்துவிட்டால் வடியும் தண்ணீர் பார்வைக்கே மாறியிருக்கும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. போர்வெல் குழாயில் ஒரு மீட்டர், தொட்டிக்கு ஒரு வெப்பமானி, ஆளுக்குப் பழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதைத்தான் சுத்திகரிக்க வேண்டும். சல்லடை, படிவுத் தொட்டி, காற்றுப் புகாத செரிப்பான், கடைசியில் காற்றூட்டும் தொட்டி என்பது வழக்கமான வரிசை. மாவுச்சத்து இருப்பதால் செரிப்பானில் எரிவாயு வரும். உங்கள் முறுக்கு அடுப்பு பக்கத்திலேயே இருக்கிறதே, குழாய் போட்டு அங்கே கொண்டுபோகலாம். இரண்டு தொழிலும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்குக் கிடைத்த வசதி. சுத்திகரிப்பின் அளவைத் தண்ணீர் குறைத்த பிறகு கணக்கிடுங்கள். முதலிலேயே கணக்கிட்டால் தேவைக்கு மேல் பெரிய தொட்டியைக் கட்டிவிட்டு, அதை ஓட்டக் கரண்ட் பில் கட்டமுடியாமல் நிறுத்திவைப்பீர்கள். நிறுத்திவைத்த சுத்திகரிப்பு நிலையங்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம்.

பாய்லருக்கு வருவோம். உமி எரிக்கிறோம், நிலக்கரி இல்லை, அதனால் நாம் சுத்தம் என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். பாதி சரி. சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்து விரல் நடுவில் தேய்த்துப் பாருங்கள். வெளுத்த சாம்பல் நிறம் என்றால் உமி எரிந்திருக்கிறது. கரி மாதிரி ஒட்டினால் எரியாத உமியைச் சாம்பல் என்று பெயர் வைத்து வெளியே கொட்டுகிறீர்கள். காற்றுக் கலவையைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். டிரையருக்குப் போகிற நீராவி அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சுத்தமான சுடுதண்ணீராக இறங்கும். அதைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் தொட்டிக்கே திருப்புங்கள். பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் கையாளும் கணக்கு. 30 டிகிரியில் போவது 60 டிகிரியில் போனால் 5 சதவீத உமி உங்கள் கையில் நிற்கும். அதை விற்கலாம். உமிக்கு வாங்க ஆள் இல்லாத நாள் கிடையாது.

சாம்பல் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். உமிக்கரியில் பல் தேய்த்த தலைமுறை நம்முடையது, அதனால் உமிச்சாம்பல் என்றால் நமக்குப் பயமே வருவதில்லை. பாய்லர் சாம்பல் அந்த உமிக்கரி கிடையாது. அதில் 85, 90 சதவீதம் சிலிக்கா. அதிக வெப்பத்தில் எரியும்போது அதில் ஒரு பகுதி படிகமாக மாறுகிறது, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சாம்பல் அள்ளுகிறவர் துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளுவது பாதுகாப்பு ஆகாது. மூடிய குழாயில் இறக்கி, மூடிய தொட்டியில் சேர்த்து, அள்ளுபவருக்கு நல்ல முகமூடி கொடுங்கள். புகைப்போக்கிக்கு முன்னால், புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் இருந்தும் பக்கத்துத் தெருக் கொடியில் காயும் வேட்டியில் கறுப்புப் பொட்டு விழுந்தால், துணிப் பைகள் வழியாகப் புகையை வடிகட்டும் பை ஃபில்டர் தேவை. குளத்தங்கரையில் சாம்பல் கொட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். செங்கல் சூளை, சிமென்ட், இரும்பு உருக்கும் ஆலை என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளுத்த சாம்பலுக்குத்தான் அவர்களிடம் மதிப்பு. நன்றாக எரித்தால் இரண்டு பக்கமும் லாபம் என்பது இதனால்தான்.

சோலார் பற்றிச் சுருக்கமாக: ஆலைக் கூரை பெரியது, ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போதும், ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் கரண்ட் வரும். போடலாம். ஆனால் பழைய மோட்டார்களையும் காற்று கசியும் கம்ப்ரசர் குழாய்களையும் சரிசெய்த பிறகு போடுங்கள்.

இப்போது பை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஊரெல்லாம் 26 கிலோ சிப்பமாக மாறியது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு கிலோவுக்காக எல்லோரும் பையை மறுபடி வடிவமைத்தோம், புது அச்சுத் தகடு போட்டோம். வரிக்காகப் பையை மாற்ற முடிந்தவர்களுக்கு, மண்ணுக்காக மாற்றுவதும் முடியும்.

எந்தப் பையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். காலியான பையைக் கும்பகோணத்தில் ஏதாவது ஒரு காயலான் கடைக்கு எடுத்துப்போங்கள். எடை போட்டுக் காசு கொடுத்தால் அது நல்ல பை. "இது போகாது, வச்சுட்டுப் போங்க" என்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். காயலான் கடைக்காரர் வேதியியல் படித்தவர் இல்லை, ஆனால் எது மறுசுழற்சிக்குப் போகும் எது போகாது என்பது அவருக்கு ரூபாய்க் கணக்கில் தெரியும்.

இந்தச் சோதனையில் உங்கள் அரிசிப் பை தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். நெய்த பையும் மேலே ஒட்டிய பளபளப்புத் தாளும் இரண்டும் பாலிபுரோப்பிலீன்தான். ஒரே இனம் என்பதால் சேர்த்து உருக்கலாம். நடுவில் பேப்பர், உள்ளே வேறு இனத்தில் ஒரு லைனர், மேலே அலுமினியப் பளபளப்பு என்று சேர்க்கச் சேர்க்கத்தான் கெடும். பிரிண்டிங் ஆசாமி ஆசை காட்டுவார், மறுத்துவிடுங்கள். அதோடு அரிசிப் பைக்கு நம் பக்கத்தில் இரண்டாவது வாழ்க்கை உண்டு. விதைநெல் கட்டுவார்கள், தவிடு வாங்குவார்கள், ஐப்பசி கார்த்திகையில் கரை உடைப்பு எடுத்தால் மணல் மூட்டையாக அடுக்குவார்கள். அங்கேதான் கவனம். வெயிலில் கிடந்த பை ஒரு கோடைக்குள் இழை இழையாகப் பிரியும். போன வருடம் உடைப்பு அடைத்த இடத்தில் நின்று பாருங்கள். காட்டாமணக்குக் கிளையில் வெள்ளை நூல் மாதிரித் தொங்கும், பாதி தண்ணீருக்குள் போயிருக்கும். மொத்தக் கடைகளுக்குச் சணல் சாக்கில் அனுப்பி, திரும்பி வரும் லாரியில் சாக்கை எடுத்து வருவது பழைய வழக்கம்தானே. உங்கள் வாடிக்கைக் கடைகள் தஞ்சாவூர், மயிலாடுதுறைக்குள் இருந்தால் அவர்களுக்கு மட்டுமாவது அதை மீண்டும் தொடங்குங்கள்.

முறுக்கு, தட்டை கவர்தான் சிரமமான பகுதி. இப்போது நீங்கள் போடுவது அநேகமாக பாலியெஸ்டர் தாளில் அலுமினியம் பூசி அதன்மேல் பாலித்தீன் ஒட்டியது. காயலான் கடையில் போகாது. அதற்குப் பதில் இரண்டு அடுக்குமே பாலிபுரோப்பிலீனாக, ஒன்றில் மட்டும் உலோகப் பூச்சு இருக்கிற கவர் கேளுங்கள். ஈரம் தாங்கும், மறுசுழற்சிக்கும் ஓரளவு வழி உண்டு. பேப்பர் கவர் ஆசையில் ஒரு தவறு என் யோசனையில் நடந்திருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு சிறு யூனிட்டுக்குப் பழுப்புப் பேப்பர் கவரைப் பரிந்துரைத்தேன். சித்திரையில் சோதித்தோம், மூன்று வாரம் மொறுமொறுப்பாக நின்றது. ஐப்பசியில் அடைமழை, கடல் காற்று. ஒரே வாரத்தில் முறுக்கு நமுத்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அவ்வளவு அரிசியும் உளுந்தும் எண்ணெயும் குப்பையில். அந்த நஷ்டம் கவரின் எடையைவிடப் பல மடங்கு. அன்றிலிருந்து எந்தக் கவரையும் மழைமாதத்தில் கடலோரக் கடை ஒன்றில் வைத்துப் பார்க்காமல் நான் சொல்வதில்லை. ஈரம் தாங்க வேண்டுமென்று உள்ளே பாலித்தீன் பூசிய பேப்பர் கவர் வாங்கினாலோ, பேப்பராகவும் போகாது, பிளாஸ்டிக்காகவும் போகாது.

"மக்கும் பை" என்று ஒருவர் மாதிரியோடு வருவார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று, ஐ.எஸ்.ஓ. 17088 தர எண் இரண்டும் கேளுங்கள். சான்று உள்ள பையும் 58 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கிற பெரிய உரக்கூடத்தில்தான் சொன்னபடி மக்கும். வாய்க்காலில் விழுந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சிச் சரக்கையும் கெடுக்கும்.

கவரே வேண்டாத இடங்களை யோசித்தீர்களா? கும்பகோணத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் முறுக்கு கண்ணாடி ஜாடியில்தானே விற்கிறது. அவர்களுக்கு எதற்குச் சின்னப் பாக்கெட்? மூடிபோட்ட டின்னில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலி டின்னைத் திருப்பி எடுங்கள். டின்னுக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் திரும்பி வரும். வெற்றிலைக் கவுளியை வாழை மட்டைக்குள் வைத்து நாரால் கட்டி அனுப்பிய ஊர் இது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு நாள் தாங்க வேண்டும் என்று பார்த்துக் கட்டு போடும் அறிவு நம்மிடம் புதிதல்ல. ஒரு நாளில் விற்பதற்கு இலை போதும், ஒரு வாரத்துக்கு டின் போதும், சென்னைக்குப் போகிற மூன்று மாதச் சரக்குக்கு மட்டும் நல்ல கவர்.

பொரித்த எண்ணெயையும் கணக்கில் சேருங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருளின் அளவான மொத்த போலார் சேர்மம் 25 சதவீதம் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதைச் சாக்கடையில் ஊற்றாமலும் ரோட்டோரக் கடைக்கு விற்காமலும், பயோடீசலுக்குச் சேகரிக்கும் பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள்.

சென்னைக் கடைக்காரருக்கு என்ன சொல்வது? கவரில் பச்சை இலைப் படம் போட்டு "இயற்கைக்கு உகந்தது" என்று அச்சடிக்க வேண்டாம். ஆதாரமில்லாத சுற்றுச்சூழல் விளம்பரத்துக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. அதற்குப் பதிலாக எண்களைக் கொடுங்கள். ஒரு டன் நெல்லுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு, கவர் எந்த ஒரே பொருளால் ஆனது. விஷயம் தெரிந்த கொள்முதல்காரர் இதைத்தான் கேட்பார். காகிதச் சான்றும் வேண்டுமென்றால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஜெட் (ZED, குறையில்லாத சரக்கு, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத உற்பத்தி) சான்றிதழ் இருக்கிறது. கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம் மானியம். தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்கள். தொழில்நுட்பச் சந்தேகம் எதற்கும் தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திருவாரூரில் நெல் பதப்படுத்தும் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. நெல்லும் ஊறலும் அவர்களுக்குப் பழகிய சங்கதி, தயங்காமல் போங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்கள் வடிகால் வாய்க்காலில் விழும் இடத்திலிருந்து நூறு அடி கீழே, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சோதனைக்கூடத்துக்குக் கொடுங்கள். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் உண்மையான அளவு கிடைக்காது. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த சித்திரையில் அதே இடத்தில் மறுபடி எடுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், சுத்திகரிப்புத் தொட்டியின் அளவை உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.